ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு: பொது சுகாதாரம் என்றால் என்ன?

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாசலில் "சார், டெங்கு செக்கிங்" என்று குரல். தோளில் துணிப்பை, கையில் டார்ச், சேலைக்கு மேல் ஒரு கோட்டுடன் ஒரு அக்கா நின்றிருந்தார். "எங்க வீட்ல எல்லாம் மூடித்தான் வச்சிருக்கோம்க்கா" என்றேன், கொஞ்சம் கெத்தாகவே.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாடித் தொட்டியின் மூடி, குளியலறை வாளி, துளசிச் செடியின் கீழ்த்தட்டு என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, "ஃப்ரிட்ஜக் கொஞ்சம் இழுங்க சார்" என்றார். இழுத்தேன். பின்பக்கம், மோட்டாருக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் தட்டு. அந்த ஃப்ரிட்ஜை வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. டார்ச் அடித்தார். அரை விரல் ஆழத் தண்ணீரில் அறுந்த நூல் துண்டுகள் மாதிரி ஏழெட்டு கிடந்தன. வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. கொசுப்புழு.

தட்டைக் கழற்றி முற்றத்து வெயிலில் கவிழ்த்தார். "கொட்டினா மட்டும் போதாது சார், நார் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்றார். கதவுக்குப் பின்னால் தொங்கிய அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மொத்தமே ஐந்து நிமிடம்.

அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. நோயாளியே இல்லாத வீட்டில் நடந்த அந்த ஐந்து நிமிட வைத்தியம்தான் பொது சுகாதாரம். இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு அரசு ஆஸ்பத்திரியோ குப்பை வண்டியோதான் நினைவுக்கு வரும். இரண்டும் அதில் சேர்த்திதான், ஆனால் விஷயம் அதைவிடப் பெரியது.

மருத்துவருக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். "இவருக்கு என்ன?" என்பது அவர் கேட்கும் கேள்வி. பொது சுகாதாரம் பார்ப்பவருக்கு நோயாளி என்பது ஒரு தெரு, ஒரு ஊர், சில சமயம் ஒரு மாநிலம். "இந்தத் தெருவில் மட்டும் ஏன் இத்தனை பேருக்கு?" என்று அவர் கேட்பார். கேள்வி மாறும்போது மருந்தும் மாறிவிடுகிறது. குடிநீரில் குளோரின், உப்பில் அயோடின், கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை, குழந்தைக்குத் தடுப்பூசி, பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை, பைக் ஓட்டுகிறவருக்கு ஹெல்மெட் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். தமிழ்நாட்டில் 2021 முதல் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்களே, அதுவும்தான். பல சமயம் பார்ப்பதற்கு வைத்தியம் மாதிரியே இருக்காது.

சரி, கொசுவுக்கே வருவோம். அதை வைத்து இதை விளக்குவது சுலபம்.

என் வீடு சுத்தம் போதாதா?

டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் வகைக் கொசு. கால்களில் வெள்ளை வரி இருக்கும், பெரும்பாலும் பகலில் கடிக்கும். சாக்கடை அதற்குப் பிடிக்காது. நாம் குடிக்கவும் குளிக்கவும் பிடித்து வைக்கும் தண்ணீர், தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கிய மழைநீர், இவைதான் அதன் பிரசவ அறைகள். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் களப்பணியாளர்கள் வாராவாரம் வர முயல்கிறார்கள். மாதம் ஒரு முறை வந்தால் இடையில் இரண்டு மூன்று ஈடு கொசு பறந்துவிடும். முட்டையோ தண்ணீர் வற்றினாலும் பல மாதங்கள் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் உயிர் பிடிக்கும். அக்கா நார் போட்டுத் தேய்க்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

ஏடிஸ் அதிக தூரம் பறப்பதில்லை. பிறந்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு தெருவுக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். கேட்க ஆறுதலாக இருக்கிறது இல்லையா? ஆனால் நம்மைக் கடிக்கிற கொசு பெரும்பாலும் நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்தது என்றும் இதற்கு அர்த்தம். நான் ஃப்ரிட்ஜ் தட்டைப் பளபளவென்று வைத்திருந்தாலும், பூட்டிக் கிடக்கும் எதிர்வீட்டு மாடியில் ஒரு உடைந்த வாளி இருந்தால் போதும். அதே மாதிரி, என் தட்டில் பிறந்தது எதிர்வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். காசு இருந்தால் நல்ல ஆஸ்பத்திரி வாங்கலாம், நல்ல கொசுவலை வாங்கலாம். கொசு இல்லாத தெருவைத் தனியாக ஒருவர் வாங்க முடியாது. தெருவே சேர்ந்துதான் உண்டாக்க வேண்டும்.

தடுப்பூசியிலும் இதே கதைதான். தட்டம்மை வந்த ஒருவர், யாருமே தடுப்பூசி போடாத கூட்டத்தில் இருந்தால் 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். ஊரில் நூற்றுக்கு 95 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி இருந்தால் நோய் தாவிச் செல்ல ஆள் கிடைக்காமல் அங்கேயே அணைந்துவிடும். அப்போது ஊசி போடும் வயது வராத கைக்குழந்தையும் தப்பித்துக்கொள்கிறது. அந்தக் குழந்தைக்கு அரணாக நிற்பது மற்ற 95 பேரின் கைகளில் ஏறிய ஊசி.

சொன்னால் கேட்பார்களா?

"மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். எனக்கு இந்த வாக்கியத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. நாலு நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வருகிற தெருவில் போய் "டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள்" என்றால் யார் கேட்பார்கள்? அவர்கள் டிரம், அண்டா, குடம் என்று எல்லாவற்றிலும் பிடித்துத்தான் வைப்பார்கள். அங்கே டெங்குவுக்கு மருந்து தினமும் வரும் குழாய்த் தண்ணீர். அது வரும்வரை, டிரம்முக்குச் சரியாகப் பொருந்தும் மூடியும் புழுவைக் கொல்லும் அபேட் மருந்தும். இவற்றைக் கொடுக்காமல் நோட்டீஸ் மட்டும் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

செய்ய முடிகிற காரியத்தைச் சொன்னால் ஜனங்கள் செய்வார்கள். அதற்கு நரம்புச் சிலந்தி என்ற புழு நோயைவிட நல்ல சாட்சி கிடையாது. வீட்டில் எண்பது வயதுக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சிலர் பார்த்தே இருப்பார்கள். காலில் ஒரு கொப்புளம் வந்து, தீயாய் எரிந்து, அதிலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலைகாட்டும். ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் அறுந்துவிடும். எரிச்சல் தாங்காமல் குளத்திலோ படிக்கிணற்றிலோ காலை வைத்தால், புழு அந்தத் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை விட்டுவிடும். அவை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்த்தெள்ளுகளுக்குள் புகுந்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் உடம்புக்குள் போய், ஒரு வருஷம் கழித்து அவர் காலில் கொப்புளமாகும்.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள், கொப்புளம் உள்ளவர் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். கூடவே படிக்கிணறுகளை மாற்றிக் கைப்பம்பு போட்டார்கள், நீர்நிலைகளில் மருந்து ஊற்றினார்கள், நோய் வந்த ஒவ்வொருவரையும் ஊர் ஊராகத் தேடிப் பிடித்தார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் கண்டுபிடிக்கப்பட்டார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று அறிவித்தது. எழுதப் படிக்கத் தெரியாத லட்சக்கணக்கானவர்கள் ஒரு துணியை மடித்துக் கட்டி முடித்த வேலை அது. விழிப்புணர்வு இல்லை என்று அவர்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

பதினேழு பேர்

பொது சுகாதாரத்துக்கு ஒரு விநோதமான தலையெழுத்து உண்டு. அது நன்றாக நடந்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காவிட்டால், "இதற்கு எதற்கு இத்தனை ஆள், இத்தனை செலவு?" என்ற கேள்வி வரும். இலங்கையின் மலேரியாக் கதை இதற்கென்றே நடந்த மாதிரி இருக்கிறது.

1934இல் அங்கே பருவமழை பொய்த்தது. ஓடும் ஆற்றில் வளர முடியாத மலேரியாக் கொசு, ஆறுகள் வற்றி மணலில் நின்ற குட்டைகளில் பெருகியது. மழை அதிகமானால்தான் கொசு என்று நினைக்கிறோம். அங்கே வறட்சி கொண்டுவந்தது. வழக்கமாக மலேரியா குறைவாக இருக்கும் பகுதிகளில் நோய் பாய்ந்தது. அங்கிருந்தவர்கள் உடம்புக்கு அது பழக்கமில்லை. 1935 முடிவதற்குள் சுமார் 80,000 பேர் இறந்துபோனார்கள்.

1940களின் நடுவில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வந்தது. வீட்டுச் சுவர்களில் அடித்தார்கள். கடித்துவிட்டுச் சுவரில் வந்து உட்காரும் கொசு அங்கேயே செத்தது. வருஷத்துக்கு வருஷம் எண்ணிக்கை இறங்கி, 1963இல் நாடு முழுவதற்கும் 17 பேருக்குத்தான் மலேரியா. பதினேழாயிரம் இல்லை, பதினேழு. ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

அப்புறம் நடந்ததை ஊகிப்பது கஷ்டமில்லை. மருந்து தெளிப்பது நின்றது. காய்ச்சல் என்று வந்தவர்களின் ரத்தத்தைச் சோதிப்பது தளர்ந்தது. வறட்சியும் சேர்ந்துகொண்டது. 1969இல் நோயாளிகள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். ஆறே வருஷத்தில் பதினேழிலிருந்து ஐந்து லட்சம். மறுபடி டிடிடி எடுத்தால், அதற்குள் கொசு அதைத் தாங்கப் பழகியிருந்தது. 1970களில் வேறு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று.

இரண்டாவது தடவை அவர்கள் வேறு மாதிரி வேலை செய்தார்கள். எல்லா இடத்திலும் தெளிப்பதைவிட, ஒவ்வொரு நோயாளியையும் துரத்திப் பிடிப்பது. மலேரியாத் தடை இயக்கத்தின் நடமாடும் குழுக்கள் ஊருக்குள் போய்க் காய்ச்சல்காரர்களின் விரல் நுனியில் ரத்தம் எடுத்தன. ஒருவருக்கு இருக்கிறது என்று தெரிந்தால், அவர் எங்கே தூங்கினார், எந்த ஊருக்குப் போய் வந்தார், அக்கம்பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல், சுற்றிலும் என்ன கொசு என்று துப்பறிந்தார்கள். போர் நடந்த காலத்தில் வடக்கும் கிழக்கும்தான் நோயின் கோட்டையாக இருந்தன. அங்கும் கொசுவலையும் மாத்திரையும் போய்ச் சேர்ந்தன. உள்நாட்டிலேயே பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. அதே 2016 கடைசியில் மன்னாரில் புதிதாக ஒரு கொசுவைப் பார்த்தார்கள். சென்னையில் மலேரியாவைப் பரப்புகிற அதே இனம், அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி. ஆற்றுக் குட்டை தேவையில்லை, கிணறும் மாடித் தொட்டியுமே அதற்குப் போதும். வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்து இறங்குகிறவர்களும் ஆண்டுதோறும் உண்டு. ஆகவே உள்ளூரில் மலேரியா பரவாத நாட்டில் மலேரியா அதிகாரிகள் இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். இருக்கத்தான் வேண்டும்.

யார் எண்ணுவது?

இந்த வேலையில் பாதி வெறும் எண்ணிக்கைதான். கண்காணிப்பு என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழக்கமாக நாளைக்குப் பத்துப் பேர் காய்ச்சல் என்று வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை இருபத்தைந்து பேர் வருகிறார்கள். மருத்துவர் இருபத்தைந்து பேருக்கும் மாத்திரை எழுதிக் கொடுக்கலாம். அதோடு நிறுத்தாமல், அவர்களுடைய முகவரிகளை யாராவது ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பதினைந்து பேர் ஒரே தெருவாக இருந்தால் அங்கே முகாம் போட ஆள் போகும். வயிற்றுப்போக்கு என்றால் அந்தத் தெருவின் மேல்நிலைத் தொட்டியில் குளோரின் இருக்கிறதா, குடிநீர்க் குழாய் சாக்கடையைக் கடக்கிற இடத்தில் உடைந்திருக்கிறதா என்று சுகாதார ஆய்வாளர் குனிந்து பார்ப்பார். தனியார் ஆஸ்பத்திரிகள் டெங்கு நோயாளிகளின் விவரத்தை அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்திருப்பதும் இதற்காகத்தான். சொல்லாமல் விட்டால் அந்த வரைபடத்தில் ஒரு ஓட்டை விழும்.

தமிழ்நாட்டுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. சென்னை மாகாணத்தில் 1939இலேயே பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் அதுதான் முதல். குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் அறிவிப்பு, கொசு ஒழிப்பு என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு இயக்ககம், பொது சுகாதாரத்துக்குத் தனியாக ஒரு இயக்ககம் என்று பிரித்து வைத்திருப்பதும் இங்கே உண்டு. நிர்வாக விஷயம், சலிப்பாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டையும் ஒரே பானையில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஐசியு வாசலில் அழுகிற குடும்பம், இன்னொரு பக்கம் பிளீச்சிங் பவுடர் மூட்டை. காசு எந்தப் பக்கம் போகும்? தனிப் பானை இருந்தால்தான் பிளீச்சிங் பவுடர் வாங்க முடியும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் காலராவும் தட்டம்மையும் பரவும் என்று எல்லோரும் பயந்தார்கள். தண்ணீரில் குளோரின் கலந்தார்கள், முகாம்களைச் சுற்றிப் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள், குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள், தினமும் நோயாளிகளை எண்ணினார்கள். பயந்த மாதிரி கொள்ளைநோய் வரவில்லை. வராத காலராவுக்கு எந்தப் பத்திரிகை தலைப்புச் செய்தி போடும்?

எங்கள் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அடுத்த வாரம் அக்கா வருவார் என்று தெரிந்து, முந்தின நாளே ஃப்ரிட்ஜை நகர்த்தித் தட்டை நார் போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். வந்தார். தட்டைப் பார்த்தார். "நல்லா இருக்கு சார்" என்றார். எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. போகிற போக்கில் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தவர், முருங்கை மரத்தடிக்குப் போய்க் குனிந்தார். பாட்டி காலத்து ஆட்டுக்கல், மிக்ஸி வந்த நாள் முதல் அங்கேதான் கிடக்கிறது. குழியில் மழைத் தண்ணீர். டார்ச்சை அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு மூட்டை மணல் கிடைக்குமா சார், ரொப்பி விட்ருவோம்."